உறங்கும் கைபேசியில் விழித்திருப்பது யார்?

என்னிடம் ஒரு பழைய கைபேசி இருக்கிறது. அதனோடு வந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு, முழுமையான லினக்ஸ் ஒன்றை ஏற்றி, ஒரு மாத காலம் அதையே என் ஒரே கைபேசியாக வைத்திருந்தேன். பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துகொண்டது. ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் சிக்னல் கோடுகள் நான்கும் நிமிர்ந்து நிற்கின்றன, மணி சரியாக ஓடுகிறது, மின்கலத்திலும் குறையில்லை. ஆனால் இரவு என்னை அழைத்தவர்களுக்கெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதில் போயிருக்கிறது. மோடத்தோடு பேசும் பின்னணி நிரல் இரண்டு மணி வாக்கில் செத்துப்போயிருந்தது. திரையில் நின்ற கோடுகள், சாவதற்கு முன் அது கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன சேதி.

அந்த நிரலைத் தொடங்கி வைத்தவர் ஒருவர் உண்டு: கருவி எழுந்ததும் மற்ற நிரல்களையெல்லாம் தொடங்கி வைக்கும் இனிட் என்ற நிரல். தொடங்கியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். லினக்ஸ் உலகில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நடந்துவரும் இனிட் சண்டை அவரைப் பற்றியதுதான். சண்டையிடுபவர்களில் பெரும்பாலோர் மேசைக் கணினியையோ சர்வரையோ மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கைபேசியை நடுவில் வைத்தால் வழக்கின் போக்கே மாறிவிடுகிறது.

எண் 1

பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது பூட்லோடர். அது இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வன்பொருளை அடையாளம் கண்டு, கோப்பு முறைமையைப் பிணைத்த பிறகு, தனக்கு வெளியே உள்ள பயனர் பகுதியில் ஒரே ஒரு நிரலை மட்டும் தன் கையால் தொடங்குகிறது. எந்த நிரல் என்று யாரும் சொல்லி வைக்கவில்லையென்றால், வழக்கமான மூன்று இடங்களில் இனிட் என்ற பெயருள்ள கோப்பைத் தேடும். அகப்படாவிட்டால், கட்டளைகளை வாங்கி இயக்கும் வெறும் ஷெல்லையாவது தொடங்கிப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால் கைவிரித்துவிடும்.

இப்படித் தொடங்கப்படும் பிராசஸுக்கு, அதாவது ஓடும் நிரலுக்கு, வரிசை எண் 1. அதன்பின் பயனர் பகுதியில் ஓடும் எல்லாமே அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த எண்ணுக்குச் சலுகையும் உண்டு, சுமையும் உண்டு. எவராலும் மறுக்க முடியாத கொல்லும் சிக்னலை அனுப்பினாலும் எண் 1 அசையாது. ஆனால் அதுவாகவே தவறி விழுந்தால், கெர்னல் அந்தக் கணமே பீதியில் உறைந்து மொத்தக் கருவியையும் நிறுத்திவிடும். தாய் பிராசஸ் இறந்தால் அநாதைகளான பிள்ளைகள் எண் 1-இன் மடியில் வந்து விழுவார்கள். இறந்த பிராசஸின் முடிவைத் தாய் கேட்டுப் பெறும்வரை கெர்னலின் அட்டவணையில் அதற்கு ஓர் இடம் ஒதுங்கியே கிடக்கும். ஜாம்பி என்று அதற்குப் பெயர். நடைப்பிணம் என்றும் சொல்லலாம், நடப்பதில்லை என்றாலும். அநாதைகளின் பிணங்களை அகற்றுவது எண் 1-இன் வேலை.

கெர்னல் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: சாகாதே, அநாதைகளுக்கு ஈமக்கடன் செய். நூறு வரிக்குள் எழுதிவிடக்கூடிய நிரல். அப்படியானால் சண்டை எங்கிருந்து வந்தது? மற்ற சேவைகளை யார், எந்த வரிசையில், எப்போது தொடங்குவது? செத்தால் எழுப்புவது யார்? இந்தப் பொறுப்புகளை எண் 1-இன் தலையில் எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்வியிலிருந்துதான்.

எண்ணிட்ட ஸ்கிரிப்டுகள்

1983-இல் வந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் விடை எளிமையானது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதன் பெயருக்கு முன்னால் ஓர் எண். எண் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொடங்கு, மூடும்போது நிறுத்து. லினக்ஸ் பல ஆண்டுகள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்டைத் திறந்து படிக்கலாம், ஒரு வரியைத் திருத்தலாம். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அகால வேளையில் ஒரு கருவி எழ மறுக்கும்போது, எழுப்பும் வழிமுறை சாதாரண எழுத்தில் கண்முன் இருப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு சிறு வேலைக்கும் புதிதாக ஒரு பிராசஸ் பிறந்து சாகிறது. ஒரு வரியைத் தேட ஒரு நிரல், வெட்ட ஒரு நிரல், மாற்ற ஒரு நிரல். இன்றைய சண்டையின் மையத்தில் நிற்கும் இனிட்டான சிஸ்டம்டியை 2010-இல் அறிமுகப்படுத்தியபோது, அதை எழுதியவர்களில் ஒருவரான லெனார்ட் போட்டரிங் தம் கணினியின் தொடக்க ஸ்கிரிப்டுகளை எண்ணிப் பார்த்தார்: வரி தேடும் கிரெப் 77 முறை, வரியைப் பிரித்தெடுக்கும் ஆக் 92 முறை அழைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு அழைப்புக்கும் நிரலைச் சேமிப்பகத்திலிருந்து தேடி ஏற்ற வேண்டும், நூலகங்களை இணைக்க வேண்டும். வேகமான கணினியில் இது கண்ணுக்குத் தெரியாது. மலிவான சிப்பில் தெரியும்.

இருந்தும், தொடக்க வேகத்தை வைத்துக் கைபேசியின் இனிட்டை மதிப்பிடுவது பிழை என்றே நினைக்கிறேன். கைபேசியை எத்தனை பேர் தினமும் அணைத்துப் போடுகிறார்கள்? மாதக்கணக்கில் அது அணைவதே இல்லை. பூட்லோடரும் கெர்னலும் வரைகலை இடைமுகமும் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு முன்னால், இனிட் மிச்சப்படுத்தும் மூன்று நான்கு நொடிகள் பெரிய விஷயமில்லை. கைபேசி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது உறக்கத்தில்தான். அழைப்பு வந்தால் ஒரு நொடிக்குள் எழ வேண்டும், மணியடிக்க வேண்டும், பேசி முடித்ததும் மறுபடி உறங்க வேண்டும். இரண்டு மூன்று கிகாபைட் நினைவகத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும்; நினைவகம் நிரம்பினால் எதைக் கொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எந்தச் சேவை உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று இனிட்டுக்குத் தெரிந்தாக வேண்டும்.

யார் யாருடைய பிள்ளை?

இது தெரியாமல் போவதற்கு ஒரு பழைய வழக்கம் காரணம். யூனிக்ஸ் பின்னணி நிரல்கள், அதாவது டீமன்கள், தொடங்கியதும் இரண்டு முறை தம்மைப் பிரதியெடுத்துக்கொண்டு, இடையிலுள்ள தலைமுறையைச் சாகவிடும். விளைவு, கடைசிப் பிரதி அநாதையாகி எண் 1-இன் மடியில் விழும். தொடங்கிய ஸ்கிரிப்டுக்கும் அதற்கும் உறவு அறுந்துவிட்டது. அடையாளத்துக்குத் தன் வரிசை எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் போகும். டீமன் செத்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். வரிசை எண்கள் சுழற்சியில் மீண்டும் வழங்கப்படுவதால், நாளை அதே எண் சம்பந்தமே இல்லாத வேறொரு நிரலுக்குப் போகலாம். 'மோடம் சேவை ஓடுகிறதா?' என்று கேட்டால் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்து, 'ஓடுகிறதே' என்று சாதிக்கும். என் கைபேசியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

2006-இல் உபுண்டு என்ற லினக்ஸுக்காக எழுதப்பட்ட அப்ஸ்டார்ட் என்ற இனிட் இதற்கு ஒரு விநோதமான வைத்தியம் செய்தது. பிழைதிருத்திகள் பயன்படுத்தும் வசதியைக் கொண்டு டீமனை வேவு பார்த்து, அது எத்தனை முறை பிரதியெடுத்துக்கொள்கிறது என்று எண்ணும். எத்தனை என்பதை நாம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தவறாக எழுதிவிட்டால், இல்லாத ஒரு பிராசஸுக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். கருவியை மறுபடி தொடங்குவதே எளிய விமோசனம். ஆனாலும் கைபேசி லினக்ஸின் முதல் தலைமுறையை ஏந்தியது அப்ஸ்டார்ட்தான். 256 மெகாபைட் நினைவகத்தோடு 2009-இல் வந்த நோக்கியா என்900, அதே ஆண்டின் பாம் ப்ரீ, பிறகு வந்த என்9, உபுண்டு டச் எல்லாம் அதன்மீதே நின்றன. நோக்கியாவோ இனிட்டை மட்டும் நம்பாமல், கருவியின் நிலையைக் கவனிக்கவும் முக்கியமான நிரல்களுக்குக் காவலிருக்கவும் டிஎஸ்எம்இ என்ற தனிச் சேவையை வைத்திருந்தது. இந்தக் காவலாளியை மறந்துவிடாதீர்கள். வேறு வேறு பெயர்களில் அவர் திரும்பத் திரும்ப வருவார்.

உறவு அறுவதைத் தடுக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, ரன்இட், எஸ்6 என்ற சிறிய இனிட் வகையினரின் வழி. டி. ஜே. பெர்ன்ஸ்டீனின் டீமன்டூல்ஸ் என்ற தொகுப்பில் வேர்கொண்டது. இவர்கள் டீமனிடம் சொல்வது ஒன்றே: 'நீ அநாதையாக ஓடவே வேண்டாம், முன்னாலேயே நில்.' ஒவ்வொரு சேவைக்கும் தனியாக ஒரு சின்னக் காவலர். காவலர்தான் தாய். பிள்ளை செத்தால் கெர்னலே தாய்க்குத் தகவல் சொல்லிவிடும். எண் எழுதிய கோப்பு எதுவும் தேவையில்லை. குறைந்தது ஒரு நொடி இடைவெளி விட்டுக் காவலர் அதை மறுபடி எழுப்புவார். காவலர் நிரல் மிகச் சிறியது. இதன் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது. சேவையை விவரிக்கும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. காவலருக்குத் தன் நேர்ப்பிள்ளையைத்தான் தெரியும். அந்தப் பிள்ளை பெற்றுவிட்ட பேரப்பிள்ளைகளைத் தெரியாது. தாய்ச் சேவை செத்து மறுபடி எழும்போது பழைய பேரப்பிள்ளை ஒன்று மோடத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தால், புதிதாக எழுந்தவர் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பார்.

இரண்டாவது வழி சிஸ்டம்டியுடையது. 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கெர்னலில் சிகுரூப் என்ற வசதி சேர்ந்தது. பிராசஸ்களைக் குழுவாகக் கட்டி, குழுவுக்கு நினைவகம், சிபியு நேரம் முதலியவற்றை அளந்து கொடுக்க வந்தது அது. அதில் சிஸ்டம்டி கண்டுகொண்ட பயன் வேறு: ஒரு குழுவில் பிறந்த பிராசஸ் எத்தனை முறை பிரதியெடுத்தாலும், எத்தனை தலைமுறை கடந்தாலும், அந்தக் குழுவிலேயே இருக்கும். குழுதான் குலப்பெயர், தாய் செத்தாலும் மாறாது. ஆகவே சேவையை நிறுத்து என்றால் குழுவில் உள்ள அத்தனை பேரும் போவார்கள். நினைவகக் கணக்கும் சேவைவாரியாகக் கிடைக்கும்.

கைபேசிக்கு இந்தக் குழுக் கணக்கு உயிர்நாடி. பின்னணிக்குப் போன செயலியின் குழுவுக்கு சிபியு நேரத்தைக் குறைக்கலாம்; குழுவையே உறையவைக்கலாம், அதாவது கொல்லாமல் அப்படியே அசையாமல் நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் அங்கே இது நடக்கிறது. சிஸ்டம்டி, பயனருக்கென்று தனியாக ஒரு சிறு சிஸ்டம்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு செயலியையும் தனிக்குழுவில் அமர்த்த வழி செய்கிறது. ஸ்கிரிப்ட் வகை இனிட்டான ஓப்பன்ஆர்சியும் சிகுரூப்பைத் தொடும், ஆனால் முதன்மையாக, சேவை நின்றபின் மிஞ்சியவர்களைக் கூட்டித்தள்ளும் ஒரு துடைப்பமாகத்தான் பயன்படுத்துகிறது. பயனர் சேவைகள் அதில் அண்மையில்தான் வந்தன.

தேவைப்படும்போது எழுவது

நினைவகம் குறைவான கருவியில் மிகச் சிறந்த சேவை, இன்னும் தொடங்கப்படாத சேவை. இந்த எண்ணத்தைச் செம்மையாகச் செய்து காட்டியது ஆப்பிளின் லாஞ்ச்டி. 2005-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4-இல் வந்தது, இன்று ஐபோனின் எண் 1-உம் அதுதான். சிஸ்டம்டி அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டது.

இருப்பிடம் சொல்லும் சேவை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதோடு பேச விரும்பும் செயலி, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியான ஒரு சாக்கெட்டின் கதவைத் தட்டும். வழக்கமாகக் கதவைத் திறந்து வைத்திருப்பது சேவைதான்; ஆகவே செயலி எழுமுன் சேவை எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டியவர் ஏமாந்து போவார். தொடக்க வரிசை என்ற தலைவலியே இங்கிருந்துதான் பிறக்கிறது. சாக்கெட் வழித் தொடக்கத்தில் கதவை இனிட்டே முன்கூட்டித் திறந்து வைத்துவிடுகிறது. உள்ளே ஆள் இல்லை. செயலி தட்டுகிறது, கெர்னல் அந்தத் தட்டலை வரிசையில் வைத்துக்கொள்கிறது. யாரோ தட்டுகிறார் என்று தெரிந்ததும் இனிட் சேவையைத் தொடங்கி, திறந்த கதவை அதன் கையில் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் 0, 1, 2 என்ற கைப்பிடிகள் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைக்கும் ஒதுக்கப்பட்டவை என்பதால், ஒப்படைக்கும் கதவுகள் 3-இலிருந்து எண்ணப்படும். சேவை எழுந்து, வரிசையில் காத்திருக்கும் செய்தியைப் படித்துப் பதில் சொல்கிறது. செயலிக்குப் பதில் சற்றுத் தாமதம், அவ்வளவே. இடையில் சேவை செத்துப்போனாலும் கதவு இனிட்டிடம் இருப்பதால், அடுத்த தட்டலில் அது மறுபடி எழுந்துவிடும்.

வரிசையை எழுதி வைக்கும் வேலையும் இதனால் பாதி ஒழிகிறது. எல்லாக் கதவுகளையும் முதலில் திறந்துவிட்டு, எல்லாச் சேவைகளையும் ஒருசேரத் தொடங்கிவிடலாம். ஒன்றுக்கு மற்றொன்று தேவையென்றால் கதவருகே தானாகக் காத்து நிற்கும். எஸ்6 குடும்பத்திலும் இதற்கான கருவிகள் உண்டு, ஆனால் நாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

உறக்கத்துக்கு உள்ளே ஒரு கடிகாரம்

அலாரம் அடிப்பது கைபேசியின் மிகப் பழைய கடமைகளில் ஒன்று. ஆனால் உறங்கும் லினக்ஸில் நேரம் நின்றுவிடும். நிரல்கள் வழக்கமாகப் பார்க்கும் ஏறுமுகக் கடிகாரம், கருவி உறங்கும்போது ஓடாது. 'ஏழு மணி நேரம் கழித்து எழுப்பு' என்று அதை நம்பிச் சொன்ன நிரல், கருவி விழித்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டு மறுநாள் மாலையில் எழுப்பும். ஆண்ட்ராய்டு இதற்கென்று தனி அலாரம் இயக்கி வைத்திருந்தது. அந்தத் தூண்டுதலில் 2011-இல் பொதுக் கெர்னலிலேயே, உறக்கத்தையும் கணக்கில் எடுத்து, வன்பொருள் கடிகாரத்தைக் கொண்டு கருவியை எழுப்பும் டைமர்கள் வந்தன. சிஸ்டம்டியின் டைமர்களில் ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்த வசதி கிடைத்துவிடும். பிறவற்றில் வன்பொருள் கடிகாரத்தில் எழுதும் ஒரு சிறு கருவியும், அதை அழைக்கும் ஒரு ஸ்கிரிப்டும் வேண்டும். பலர் எழுதியிருக்கிறார்கள், வேலையும் செய்கிறது.

உறங்கப் போவதிலும் நாசூக்கு தேவை. குறுஞ்செய்தி பாதி எழுதப்பட்ட நேரத்தில் கருவி கண்மூடினால் கெட்டது. அதனால் 'இரு, ஒரு நிமிடம்' என்று சொல்ல ஒரு வழி வேண்டும். சிஸ்டம்டியின் லாகின்டி என்ற துணை நிரல் இதை இரண்டு வகையாக வைத்திருக்கிறது: உறக்கத்தை முற்றிலும் தடுப்பது, அல்லது கொஞ்சம் தள்ளிப்போடுவது. தள்ளிப்போடுபவருக்கு இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் ஐந்து நொடி. ஆனால் லாகின்டி இனிட்டே அல்ல. இருந்தும் வரைகலை இடைமுகங்கள் அதை எதிர்பார்ப்பதால், சிஸ்டம்டி வேண்டாம் என்பவர்கள் அதை மட்டும் அறுத்தெடுத்து ஈலாகின்டி என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். மரம் வேண்டாம், கிளை மட்டும் போதும் என்ற கதை. கிளை ஒவ்வொரு முறை தளிர்க்கும்போதும் பின்தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் விலை.

ஆண்ட்ராய்டு சொல்லும் சாட்சி

உலகில் மிக அதிகமான கைபேசிகளில் ஓடும் லினக்ஸ் இனிட், இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஆண்ட்ராய்டு இனிட். அதற்கென்று ஒரு சின்ன மொழி உண்டு. இந்த நிகழ்வு நடந்தால் இதைச் செய், இந்தப் பண்பின் மதிப்பு மாறினால் அதைச் செய். சேவைகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உயிர்நிலைச் சேவை என்று குறிக்கப்பட்ட ஒன்று 4 நிமிடங்களில் 4 முறைக்கு மேல் விழுந்தால், கருவியே மறுபடி தொடங்கி பூட்லோடரில் போய் நிற்கும். சர்வரில் இப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள். கைபேசியில் நியாயமான முடிவு.

ஆண்ட்ராய்டு இனிட் ஒப்பீட்டளவில் சிறியது. இதைக் காட்டி, 'பார், கூகுளுக்கே சிஸ்டம்டி தேவைப்படவில்லை' என்று சொல்வார் உண்டு. ஆனால் அந்த இனிட் தொடங்கும் ஸைகோட் என்ற பிராசஸையும், அதிலிருந்து கிளைக்கும் சிஸ்டம் சர்வரையும் பாருங்கள். எந்தச் செயலி எப்போது எழ வேண்டும், எதை உறையவைக்க வேண்டும், யார் கருவியை விழித்திருக்கச் செய்கிறார், அலாரம் யாருக்கு என்று எல்லாம் அங்கே முடிவாகிறது. நினைவகம் நிரம்பினால் யாரைக் கொல்வது என்பதற்கு எல்எம்கேடி என்று தனி டீமன். சிஸ்டம் சர்வரின் முக்கிய இழை ஒரு நிமிடம் பதில் சொல்லாமல் முடங்கினால், உள்ளேயே இருக்கும் ஒரு காவலாளி அதைக் கொன்றுவிடும். ஸைகோட்டோடு சேர்ந்து எல்லாம் மறுபடி எழும். சில சமயம் கைபேசி திடீரென்று தொடக்க அசைபடத்தைக் காட்டிவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வரும் அல்லவா, அப்போது கெர்னல் அணையவே இல்லை.

ஆகவே இனிட் சிறியதா பெரியதா என்ற வாதத்தில் கொஞ்சம் கணக்குப் புரட்டு இருக்கிறது. கைபேசி கேட்கும் வேலைகளின் மொத்த அளவு குறைவதில்லை. அவற்றை எண் 1-இல் வைக்காவிட்டால் நோக்கியாவின் டிஎஸ்எம்இ-யில் வைப்பீர்கள், சிஸ்டம் சர்வரில் வைப்பீர்கள், அல்லது ஆளுக்கு ஒரு ஸ்கிரிப்டாகச் சிதறவிடுவீர்கள். எங்கே வைத்தால் எதுவரை கெடும் என்பதுதான் உண்மையான கேள்வி. எஸ்6 ஆதரவாளர்களின் வாதம் இங்கே வலுவானது: எண் 1 செத்தால் கருவியே நிற்கும் என்னும்போது, அதற்குள் எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. சிஸ்டம்டியும் தன் பணிகளில் பலவற்றைத் தனி டீமன்களாகத்தான் ஓடவிடுகிறது என்றாலும், அதன் எண் 1 எஸ்6-இன் எண் 1-ஐவிடப் பலமடங்கு பெரியது.

நினைவகச் செலவு என்ற வாதம் எனக்கு அவ்வளவாக எடுபடுவதில்லை. சிஸ்டம்டியின் எண் 1 பத்து மெகாபைட் அளவில் பிடித்துக்கொள்ளும் என்றால், ஓர் உலாவித் தாவல் அதைப்போல் பல மடங்கு விழுங்கும். 2 கிகாபைட் நினைவகம் கொண்ட பைன்ஃபோன் என்ற லினக்ஸ் கைபேசியில்கூட அது தீர்மானிக்கும் காரணி அல்ல. ஆனால் 512 மெகாபைட்டோடு வந்த பழைய கைபேசிகளைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஒவ்வொரு மெகாபைட்டும் கணக்கு.

அப்படி நினைத்தவர்கள்தான் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் குழுவினர். ஒரு கைபேசிக்குப் பத்தாண்டு ஆயுள் தர வேண்டும் என்ற நோக்கத்தோடு 2017-இல் கிளம்பிய திட்டம். ஆல்பைன் லினக்ஸ் அடித்தளம், மஸ்ல் என்ற சிறிய சி நூலகம், ஓப்பன்ஆர்சி. எல்லாம் சிக்கனம். 2024 மார்ச்சில் அவர்களே சிஸ்டம்டியைச் சேர்க்கப் போவதாக அறிவித்தபோது பலர் கொதித்தார்கள். காரணம் அலங்காரமானதல்ல. அவர்கள் வழங்கும் கினோம், கேடிஈ வகை இடைமுகங்கள் சிஸ்டம்டி இருக்கும் என்று எண்ணியே எழுதப்படுகின்றன. இல்லாத இடத்தை நிரப்பும் ஒட்டுவேலையிலேயே தன்னார்வலர்களின் நேரம் கரைந்தது. ஓப்பன்ஆர்சி வேண்டும் என்பவருக்கு அது தொடரும் என்றும் சொன்னார்கள். பின்னர் 2025-இல் வந்த கினோம் 49, பயனர் அமர்வின் சேவைகளைத் தொடங்க வைத்திருந்த தன் சொந்த ஏற்பாட்டைக் கைவிட்டு சிஸ்டம்டியிடமே ஒப்படைத்தது. மறுபக்கம், லினக்ஸில் வழக்கமான கிளிப்சியைத் தவிர வேறு சி நூலகத்தை ஏற்க மாட்டேன் என்று நெடுங்காலம் முரண்டு பிடித்த சிஸ்டம்டியும், அதே ஆண்டின் இறுதியில் வந்த 259-ஆம் பதிப்பில் மஸ்லுக்குச் சோதனை அளவில் இடம் கொடுத்தது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஒரு பொறி மற்றதைவிடச் சிறந்தது என்பதால் அல்லாமல், மேலே நிற்பவர்கள் எல்லாரும் ஒன்றன்மீது சாய்ந்துவிட்டதால் அது வெல்கிறது. டினிட் என்ற சிறிய இனிட் போன்றவை சார்புகளையும் கண்காணிப்பையும் அடக்கமான அளவில் அழகாகச் செய்கின்றன. கிமேரா லினக்ஸ் அதில்தான் ஓடுகிறது. கைபேசிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இடைமுகத்தை எழுதுபவர்கள் வேறு அளவுக்கு அல்லவா தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்ட வன்பொருள் இயக்கிகள் மட்டுமே கிடைக்கும் கைபேசிகளில் லினக்ஸை ஓட்டுபவர்கள், இரண்டு இனிட்டுகளை ஒருங்கே ஓட்டுகிறார்கள். செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸில் எண் 1 சிஸ்டம்டி. ஆண்ட்ராய்டின் இனிட் அதற்குக் கீழே ஒரு சாதாரணச் சேவையாகக் கைகட்டி வேலை செய்கிறது. உபுண்டு டச்சில் அதைத் தனி அறை போன்ற ஒரு கன்டெய்னருக்குள் அடைத்து, அங்கே தான்தான் எண் 1 என்று நம்பவைத்திருக்கிறார்கள். கொள்கைச் சண்டையில் நேர் எதிரே நிற்கும் இரண்டு பேர், ஒரே சட்டைப்பையில்.

என் கைபேசிக்கு வருகிறேன். அதில் இருந்தது ஸ்கிரிப்ட் வகை. மோடம் நிரலை ரன்இட் பாணிக் காவலர் ஒருவரின் கீழ் கொண்டுவந்தேன். செத்தால் ஒரு நொடியில் எழுப்புவார். நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அழைப்புகள் ஒழுங்காக வந்திருந்தன, பதிவேட்டைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். இரவு ஒன்றேகால் மணிக்கு அந்த நிரல் செத்து எழுந்திருக்கிறது. ஒரு முறையல்ல, 31 முறை, அத்தனையும் ஒரு நிமிடத்துக்குள். கருவி உறக்கத்திலிருந்து எழும்போது எப்போதாவது ஒரு முறை மோடம் இணைப்பிலிருந்து கழன்று, அரை நிமிடம் கழித்தே திரும்பி வருகிறது. இல்லாத மோடத்தைத் தேடிப்போன நிரல் செத்தது, காவலர் எழுப்பினார், மறுபடி செத்தது. மோடம் திரும்பும்வரை இருவரும் சளைக்கவில்லை.

இதே நிரலை சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பில் மறுதொடக்கம் மட்டும் கேட்டு விட்டிருந்தால், 10 நொடிக்குள் 5 முறை முயன்றுவிட்டு, 'இது தேறாது' என்று அது கைகழுவியிருக்கும். நான் மறுபடியும் தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருப்பேன். அங்கே சரியான வழி, மோடம் என்ற சாதனம் தோன்றியதும் சேவையைத் தொடங்கு, மறைந்தால் நிறுத்து என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது. அதற்கான வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. என்னிடம் இருந்தது ஸ்கிரிப்ட் என்பதால் அதன் தலையில் மூன்று வரி சேர்த்தேன்: மோடத்தின் சாதனக் கோப்பு கண்ணில் படும்வரை காத்திரு, பட்டபின் தொடங்கு.

அன்று இரவு பதிவேட்டில் ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை. விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கைபேசி கணீரென்று மணியடித்து என்னை எழுப்பியது. எடுத்தேன். தவறான எண்.